ஐம்பத்திரண்டு சீட்டும் ஒரு கழுதையும்

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கித் தருகிறேன்:

"எங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லாமாக ஏழு பேர். நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். சாயங்காலம் வீடு திரும்பினால் ஆளுக்கு ஒரு மூலை, ஆளுக்கு ஒரு போன். லீவில் என் பெண் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தாள். மாமியார் அதைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டுவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. என் கொழுந்தனார் இரண்டு வருஷம் முன்பு செல்போனில் ரம்மி ஆடி, வண்டி வாங்க வைத்திருந்த பணத்தையும் என் ஓரகத்தியின் கம்மலையும் தொலைத்தவர். 'சீட்டு நுழைஞ்ச வீடு உருப்படாது' என்கிறார் அத்தை. பிள்ளைகளோ 'ஒரே ஒரு ஆட்டம்மா' என்று கெஞ்சுகிறார்கள். நான் யார் பக்கம் பேசுவது? ஆடலாம் என்றால், எழுபது வயது அத்தையும் எட்டு வயதுப் பையனும் சேர்ந்து ஆடும்படி சுலபமான ஆட்டம் எது?"

சகோதரி, உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பட்டவர் பயப்படுவார். அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் உங்கள் கொழுந்தனாரின் பணத்தைக் கொண்டு போனது அட்டையில் அச்சடித்த ராஜாவும் ராணியும் அல்ல, அதன் மேல் வைத்த பணம். பணத்தை எடுத்துவிட்டால் சீட்டுக்கட்டும் பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதம் மாதிரி வீட்டுச் சாமான்தான். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் ஆடுகிறோமே, அதிலும் தாயம் விழுவது அதிர்ஷ்டம்தானே? யாரும் அதைச் சூது என்பதில்லை.

சீட்டு நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1527-ல் பாபர் தம் நண்பர் ஒருவருக்கு 'கஞ்சிஃபா' சீட்டு அனுப்பி வைத்ததைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவை வட்ட வட்டமான சீட்டுகள். முகலாயர் கட்டில் 96 சீட்டு. பின்னால் வந்த தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. இப்போது நம் கையில் இருக்கும் 52 சீட்டு ஐரோப்பியர் கொண்டு வந்தது. வாலாஜாபேட்டைக்காரர்களுக்கு ஐரோப்பியர் வாடை புதிதா என்ன! ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைக் கொண்ட ஊர். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றதே வாலாஜா ரோடில்தான். 1866-லேயே நகராட்சி ஆன ஊர். ஊரைத் தாண்டும் ரயிலில் இன்றைக்கும் மடியில் துண்டை விரித்துச் சீட்டுப் போடும் ஆண்களைப் பார்க்கலாம். ரயிலில் அவர்களுக்கு இருக்கும் அந்தக் கலகலப்பு, வீட்டுக் கூடத்தில் நமக்கு மட்டும் ஏன் கூடாது?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு ஏற்றது கழுதை ஆட்டம்.

இதிலே ஜெயிப்பவர் என்று ஒருவர் கிடையாது. கையில் உள்ள சீட்டையெல்லாம் தீர்த்துவிட்டு ஒவ்வொருவராகத் தப்பித்துப் போக வேண்டும். கடைசியில் சீட்டோடு மாட்டிக் கொள்பவர் கழுதை. அவ்வளவுதான். கணக்கு எழுத வேண்டாம், ஜோடி சேர வேண்டாம், துருப்பு கிடையாது. எட்டு வயதுக் குழந்தை ஒரே சாயங்காலத்தில் கற்றுக் கொண்டுவிடும். (சில வீடுகளில் ஒரே மாதிரி நாலு சீட்டு சேர்த்துக் கையைக் கீழே வைக்கும் ஆட்டத்துக்கும் கழுதை என்றே பெயர். அது வேறு, இது வேறு.)

சீட்டை அறிந்து கொள்ளுங்கள்

ஒரு கட்டில் நாலு ஜாதி. இஸ்பேட், கிளாவர் இரண்டும் கருப்பு. ஆட்டின், டைமன் இரண்டும் சிவப்பு. அரச இலைக்குக் காம்பு வைத்து நிமிர்த்தியது போல இருப்பது இஸ்பேட். மூன்று உருண்டை இதழ் உள்ளது கிளாவர். இதயம் போட்டது ஆட்டின். சாய்ந்த கட்டம் டைமன். ஒவ்வொன்றிலும் 13 சீட்டு. எல்லாவற்றிலும் பெரியது ஆஸ். அடுத்து ராஜா, ராணி, ஜாக்கி, பிறகு பத்து, ஒன்பது என்று இறங்கி, கடைசியில் ரெண்டு. ஜோக்கர் இருந்தால் எடுத்து டப்பாவிலேயே போட்டுவிடுங்கள், நமக்கு வேண்டாம்.

ஆடுவதற்கு முன் கட்டை எண்ணிப் பார்ப்பது அவசியம். இந்த ஆட்டத்தில் ஒரு சீட்டு குறைந்தாலும் எண்ணி வைத்த கணக்கெல்லாம் தப்பிப் போகும். சோபாவுக்கு அடியிலே ஒரு கிளாவர் ஏழு கிடந்தால் ராத்திரி முழுக்க ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவீர்கள்!

எத்தனை பேர், எத்தனை சீட்டு

நாலு பேர் முதல் எட்டுப் பேர் வரை ஒரே கட்டில் ஆடலாம். எல்லாச் சீட்டையும் போட்டுத் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. நாலு பேர் என்றால் ஆளுக்கு 13. ஐந்து பேர் என்றால் மூவருக்கு 10, இருவருக்கு 11. ஆறு பேர் என்றால் இருவருக்கு 8, நால்வருக்கு 9. உங்கள் வீட்டைப் போல ஏழு பேர் என்றால் நால்வருக்கு 7, மூவருக்கு 8. ஒரு சீட்டு கூடுதலாக வந்ததற்குச் சண்டை வேண்டாம். அடுத்த ஆட்டத்தில் அது வேறு ஒருவருக்குப் போகும்.

கல்யாண வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டால் இரண்டு கட்டைக் கலந்து கொள்ளலாம். அப்போது ஒரே சீட்டு இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே சுற்றில் வந்துவிட்டால் பின்னால் போட்டதே பெரியது என்று முதலிலேயே பேசி வைத்துக் கொள்ளுங்கள். இஸ்பேட் ஆஸும் இரண்டு இருக்குமே என்கிறீர்களா? கலைத்துப் போட்டவருக்கு இடக்கைப் பக்கமாக எண்ணி, முதலில் யாரிடம் ஆஸ் இருக்கிறதோ அவர் ஆரம்பிக்கட்டும்.

ஆட ஆரம்பிப்போம்

எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். ஒருவர் கலைத்து, பக்கத்தில் இருப்பவரை வெட்டச் சொல்லி, தமக்கு இடக்கைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வர வேண்டும். ஆட்டமும் அதே திசைதான். கோயிலில் பிரதட்சிணம் வருகிறோமே, அப்படி. அவரவர் சீட்டை எடுத்து, ஜாதி ஜாதியாகப் பிரித்து விசிறி மாதிரி பிடித்துக் கொள்ளுங்கள். சிவப்பு, கருப்பு மாறி மாறி வைத்தால் கண் ஏமாறாது.

இஸ்பேட் ஆஸ் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஆரம்பம். அந்த ஆஸையே நடுவில் போட வேண்டும். மற்றவர்கள் வரிசையாக ஆளுக்கு ஒரு இஸ்பேட் போடுவார்கள். இஸ்பேட் இல்லாதவர் எந்தச் சீட்டை வேண்டுமானாலும் போடலாம். முதல் சுற்று எல்லோருக்கும் இலவசம். யாரும் எதையும் எடுக்க வேண்டாம். சுற்று முடிந்ததும் அத்தனை சீட்டையும் கவிழ்த்து ஓரமாகக் குவித்து விடுங்கள். அவை திரும்பி ஆட்டத்துக்கு வரா. ஆஸ் போட்டவரே அடுத்த சுற்றை ஆரம்பிப்பார்.

இரண்டாம் சுற்றிலிருந்துதான் வேடிக்கை. ஆரம்பிப்பவர் தம் கையிலிருந்து எந்தச் சீட்டையும் இறக்கலாம். அவர் எந்த ஜாதி இறக்கினாரோ அதே ஜாதியைத்தான் மற்றவர்களும் போட வேண்டும். எல்லோரிடமும் அந்த ஜாதி இருந்து, எல்லோரும் போட்டுவிட்டால், அந்தச் சீட்டுகளும் குவியலுக்குப் போகும். அதில் பெரிய சீட்டு போட்டவர் அடுத்த சுற்றை ஆரம்பிப்பார்.

யாரோ ஒருவரிடம் அந்த ஜாதி இல்லையென்றால்? அவர் வேறு ஜாதிச் சீட்டு ஒன்றைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்த உடனே சுற்று அங்கேயே நின்றுவிடும். அடுத்திருப்பவர்கள் போட வேண்டாம். அதுவரை போட்டதில், இறக்கிய ஜாதியில் யாருடையது பெரிய சீட்டோ அவர் நடுவில் கிடக்கும் எல்லாவற்றையும், வெட்டிய சீட்டு உட்பட, எடுத்துக் கையில் சேர்த்துக் கொள்ள வேண்டும். எடுத்தவரே அடுத்த சுற்றை ஆரம்பிப்பார்.

ஓர் உதாரணம் சொன்னால் புரிந்துவிடும். உங்கள் பெண் ஆட்டின் அஞ்சு இறக்குகிறாள். அடுத்து உங்கள் பையன் ஆட்டின் ஒன்பது. அடுத்து அவனுடைய ஆயா ஆட்டின் ராஜா. அடுத்து நீங்கள், உங்களிடம் ஆட்டினே இல்லை. கிளாவர் ராணியைப் போட்டு வெட்டுகிறீர்கள். சுற்று நின்றது. ஆட்டினில் பெரியது ராஜா. ஆகவே அஞ்சு, ஒன்பது, ராஜா, உங்கள் கிளாவர் ராணி, நாலும் மாமியார் கைக்குப் போகும். மாமியாருக்கு மருமகள் வெட்டிய முதல் வெட்டு! பையன் கை கொட்டிச் சிரிப்பான். அத்தையும் சும்மா இருக்க மாட்டார். அடுத்த சுற்றைத் திறப்பவர் அவரல்லவா!

கையில் சீட்டு தீர்ந்தவர் தப்பித்தவர். ஆனால் ஒரு விஷயம். கடைசிச் சீட்டைப் போட்டுவிட்டோம் என்று உடனே எழுந்துவிடக் கூடாது. அந்தச் சுற்று முடியும் வரை உட்கார வேண்டும். நீங்கள் போட்ட கடைசிச் சீட்டே அந்தச் சுற்றில் பெரியதாக இருந்து, பின்னால் யாராவது வெட்டினால், எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டு திரும்ப ஆட்டத்துக்கு வர வேண்டியதுதான். வெட்டு விழாமல் சுற்று முடிந்தால் நிம்மதியாக எழுந்திருக்கலாம். பெரிய சீட்டுப் போட்டவரே தப்பித்துப் போய்விட்டால், அவருக்கு இடக்கைப் பக்கம் சீட்டு உள்ளவர் அடுத்ததை ஆரம்பிப்பார்.

கடைசி இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரே சீட்டு, இரண்டும் ஒரே ஜாதி என்று அமைந்தால் இருவரும் ஒன்றாகத் தப்பிவிடுவார்கள். அன்றைக்குக் கழுதையே இல்லை. எல்லோருக்கும் காப்பி போடுங்கள்.

ஜாதி இருந்தும் இல்லை என்று வெட்டலாமா? கூடாது. பின்னால் தெரிந்துவிடும், ஒளித்த சீட்டு எப்படியும் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? பிடிபட்டவர் நடுவில் அப்போது கிடக்கும் சீட்டை எல்லாம் எடுத்துக் கொள்ள வேண்டும் என்பது தண்டனை. ஆனால் குழந்தை தெரியாமல் செய்தால் முதல் தடவை, "சரியாப் பாரு கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தப்பிக்கச் சில யுக்திகள்

அதிர்ஷ்டம் பாதி, நினைவு பாதி என்பதுதான் இந்த ஆட்டத்தின் அழகு. கவனித்து ஆடுபவர் அடிக்கடி தப்பிப்பார்.

ஒரு ஜாதியில் 13 சீட்டுதான் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து பேர் ஆடினால், ஒரு சுற்று வெட்டில்லாமல் முடிய ஐந்து சீட்டு வேண்டும். இரண்டு சுற்று முடிந்தால் பத்து போய்விட்டது, மிச்சம் மூன்றுதான். ஆகவே ஐந்து பேரும் ஆட்டத்தில் இருக்கும் வரை, மூன்றாம் தடவை அதே ஜாதியை இறக்கினால் வெட்டு நிச்சயம். ஏழு பேர் ஆடினால் ஒரு சுற்றுக்கே ஏழு சீட்டு. இரண்டாம் சுற்றுக்கு மிச்சம் ஆறுதான், ஏழு பேருக்கு எப்படி வரும்? இரண்டாம் தடவையே வெட்டு. இந்தக் கணக்கை வாயால் சொல்லிக் கொடுக்காமல், குழந்தைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கசக்கிற வகுத்தல் இங்கே இனிக்கும்.

இதனால்தான் பெரிய சீட்டுகளை முதலிலேயே தீர்க்க வேண்டும் என்பது. ஒரு ஜாதியை முதல் தடவை இறக்கும்போது பெரும்பாலும் எல்லோரிடமும் அது இருக்கும்; அந்தச் சமயத்தில் ஆஸ், ராஜாவைத் தள்ளிவிடலாம். 'நல்ல சீட்டாச்சே' என்று வைத்துக் கொண்டிருந்தால் பின்னால் அதுவே மாட்டி வைக்கும். மாறாக ரெண்டு, மூணை இறுகப் பிடித்துக் கொள்ளுங்கள். கடைசியில் நீங்கள் ஆரம்பிக்கும்போது ரெண்டை இறக்கினால், அதே ஜாதி போடும் மற்றவர் சீட்டு கட்டாயம் அதைவிடப் பெரியது. வெட்டு விழுந்தால் அவருக்குத்தான் போகும். ஆனால் உங்களை அடுத்து உட்கார்ந்திருப்பவரே வெட்டிவிட்டால் தப்ப முடியாது. நடுவில் கிடப்பது உங்கள் ரெண்டு மட்டும்தானே! ஆகவே அடுத்தவரிடம் என்ன ஜாதி இல்லை என்பதில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்.

வெட்டும் வாய்ப்பு வந்தால், உங்களுக்குப் பாரமாக உள்ள பெரிய சீட்டைத் தள்ளுங்கள். அல்லது ஒரு ஜாதியில் ஒரே ஒரு சீட்டு மட்டும் இருந்தால் அதைத் தள்ளுங்கள். அந்த ஜாதி வரும்போது மறுபடி வெட்டலாம். யார் என்ன எடுத்தார் என்பதையும் மனத்தில் வையுங்கள். மாமியார் ஆட்டினில் மூன்று எடுத்தாரே, இனி ஆட்டின் இறக்கினால் அவர் வெட்ட மாட்டார், போட்டாக வேண்டும். இப்படி.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும்

சின்னக் கைக்கும், விரல் மூட்டு வலிக்கும் கைக்கும் பத்துச் சீட்டை விசிறியாகப் பிடிப்பது சிரமம். ஒரு நீளமான தட்டில் அரிசியைப் பரப்பி, அதில் சீட்டைச் சொருகி நிறுத்திக் கொடுங்கள். சமையல் அரிசி வேண்டாம், கோலத்துக்கு என்று வைத்திருப்பது போதும். முன்னால் ஒரு புத்தகத்தை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாது. எழுத்துப் பெரிதாக அச்சிட்ட சீட்டும் கடைகளில் கிடைக்கிறது. கண் புரை உள்ளவர்களுக்கு அது நல்லது. விளக்கு தலைக்கு மேலே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் சொந்த நிழலே சீட்டில் விழும்.

உங்களைப் போல் நாள் முழுக்க மெஷின் முன் குனிந்து உட்கார்ந்தவர்கள், வீட்டுக்கு வந்தும் மணிக்கணக்கில் சம்மணம் போட்டுக் குனிந்து கிடக்கக் கூடாது. சுவரோரம் முதுகு சாய்த்து உட்காருங்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவருக்கு நாற்காலியும், முன்னால் ஒரு ஸ்டூலும் போட்டால் போயிற்று. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர் இருந்தால் ஆட்டத்துக்காகச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதீர்கள். கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால் சுண்டல், வறுத்த வேர்க்கடலை வைக்கலாம். பஜ்ஜியும் பக்கோடாவும் உடம்புக்கும் ஆகாது, சீட்டுக்கும் ஆகாது. எண்ணெய்க் கை பட்டால் சீட்டு ஒட்டிக் கொள்ளும்.

"சீட்டாடினால் வயதான காலத்தில் மறதி வராதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. வாசிப்பு, வாத்தியம் வாசித்தல், நடனம், சீட்டு மற்றும் பலகை ஆட்டம் இவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்ததாக அது சொன்னது. இதைக் கொண்டு சீட்டை மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. மூளை நன்றாக இருப்பவர்களே ஆட உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? ஆனாலும் நாலு பேரோடு பேசிச் சிரித்து, கவனித்து, நினைவு வைத்து ஆடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எப்போதும் நன்றாக ஆடிய பெரியவர், சில மாதங்களாக ஜாதியை மாற்றிப் போடுகிறார், யார் முறை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் சிரிக்காதீர்கள். முதலில் கண்ணாடியைப் பாருங்கள், காதைப் பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, தூக்க மாத்திரை, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

கழுதை என்ற பெயர்

பெயர் வேடிக்கைதான், குத்தினால் வேடிக்கை இல்லை. பாயைச் சுருட்டியதோடு அந்தப் பெயரையும் சுருட்டிவிட வேண்டும் என்பதைச் சட்டமாக்குங்கள். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் பையனை "ஏய் கழுதை" என்று அக்காள் கூப்பிடக் கூடாது. பரீட்சை மார்க்கோடு சேர்த்துப் பெரியவர்கள் இடித்துக் காட்டவும் கூடாது. தோற்றவருக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள்: ஒரு விடுகதை போட வேண்டும், அல்லது ஒரு பாட்டுப் பாட வேண்டும், அல்லது எல்லோருக்கும் மோர் கொண்டு வர வேண்டும். மோர் கொண்டு வரும் முறை உங்கள் வீட்டுக்காரருக்கும் வரட்டும். சமையலறை எந்தப் பக்கம் என்று தெரிந்து கொள்வார்!

குழந்தை தோற்றால் அழும். அழட்டும். 'பாவம்' என்று எல்லோரும் விட்டுக் கொடுத்து ஜெயிக்க வைத்தால் அது சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். ஆயாவும் கழுதை ஆகிறார், அப்பாவும் கழுதை ஆகிறார், ஆனவர்கள் சிரித்துக் கொண்டே அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பதைவிட நல்ல பாடம் என்ன இருக்கிறது?

பணம் மட்டும் வேண்டாம்

இப்போது மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

காசு வைத்து ஆடுவது பற்றி நம் மாகாணத்தில் 1930-லேயே சட்டம் வந்தது. ரம்மி அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பியதல்ல, பெரும்பாலும் திறமை சேர்ந்தது என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செல்போன் வந்த பிறகு கதையே மாறிவிட்டது. கடனாளியாகிப் பல குடும்பங்கள் உயிரையே பறிகொடுத்தன. 2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றியது. 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்ற வேண்டி வந்து, ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம், ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டு வந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூடத்து ஆட்டத்துக்கும் போன் ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யோசியுங்கள். கூடத்தில் ஒருவர் கலைக்க வேண்டும், போட வேண்டும், நடுவில் பால்காரர் வருவார், குழந்தை தூங்கி விழும். "போதும், விளக்கை அணை" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். போனில் இடைவெளி கிடையாது. ஒன்று முடிந்த நிமிஷமே அடுத்தது. தோற்ற பணத்தைப் பிடித்துவிடலாம் என்று ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் ஆடுபவரைத் தடுக்க ஆளில்லை. எதிரில் இருப்பது யார் என்றும் தெரியாது. ஜெயித்தவர் தொகையிலும் ஆட்டம் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக் கொள்வார்.

ஆகவே வீட்டில் ஒரே ஒரு விதி: காசு கிடையாது. ஒரு ரூபாய் கூடக் கிடையாது. 'சும்மா சுவாரஸ்யத்துக்கு' என்று ஆரம்பிப்பதுதான் வாசற்படி. யார் எத்தனை தடவை கழுதை என்று எண்ண வேண்டுமானால் புளியங்கொட்டை போதும்.

உங்கள் கொழுந்தனார் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பணம் வைத்து ஆடிப் பழகி மீண்ட சிலருக்குச் சீட்டைக் கையில் தொட்டாலே பழைய நமைச்சல் கிளம்பும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. எது என்று அவருக்குத்தான் தெரியும். அவரைத் தனியே கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரரோ ஓரகத்தியோ மெதுவாகக் கேட்கட்டும். "வேண்டாம்" என்று அவர் சொன்னால், அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் சீட்டை எடுக்காதீர்கள், தாயக்கட்டை ஆடுங்கள். அவர் உட்கார்ந்தால் ரம்மி பக்கமே போக வேண்டாம், கழுதையோடு நிறுத்துங்கள். அவர் கழுதை ஆகும் நாளில், "உனக்குத் தோற்கச் சொல்லியா கொடுக்கணும்?" என்று யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது. அந்த ஒரு வார்த்தை போதும், அவரை மறுபடி போனோடு தனி மூலைக்கு அனுப்ப.

இன்னும் ஆடுகிறாரோ என்று சந்தேகமா? கேட்காமல் கடன் வாங்குவது, போனை மறைப்பது, தூங்காமல் இருப்பது, எரிந்து விழுவது இவை அடையாளம். கத்துவதால் பிரயோஜனமில்லை. கடனை அடைத்துக் கொடுத்தால் மட்டும் தீராது, மறுபடி கடன் வரும். இதற்கும் ஆலோசனை, சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டார் பேசியும் யோசனை கேட்கலாம். உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

பரணிலிருந்து சீட்டை மாமியாருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். "காசு வைக்க மாட்டோம் அத்தை. வாரத்துக்கு இரண்டு நாள், ராத்திரி ஒன்பது மணி வரை. அந்த நேரம் எல்லார் போனும் அலமாரியில். கட்டு உங்க கிட்டயே இருக்கட்டும், நீங்க கொடுத்தாதான் ஆட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டால் காவலும் அவருடையதே. அதற்கும் அவர் மனம் இறங்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். பல்லாங்குழியும் தாயமும் எங்கும் போய்விடவில்லை.

அடுத்த இதழில், தாயக்கட்டைக்குக் கோடு போடுவதிலிருந்து காய் வெட்டுவது வரை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கழுதை ஆட்டத்துக்கு வேறு விதிகள் இருந்தால், கழுதையானவருக்கு என்ன தண்டனை என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள் சகோதரிகளே. காசில்லாத தண்டனையாக இருக்கட்டும்!